சிம்ஸ் 4: டவுனிகளை ஆளுக்கொரு ரகமாக மாற்றுவது எப்படி?

வாழ்க்கையை ஆடிப் பார்க்கும் சிம்ஸ் 4 கேமில் பூங்காவுக்குப் போனால் ஒருவர் சூட்கோட்டுக்குக் கீழே பெர்முடா போட்டு நிற்பார். பக்கத்தில் இன்னொருவர், தலையில் விதவிதமாக மூன்று அலங்காரம். சிம்ஸ் 4 தானாக உருவாக்கிவிடும் இந்த ஆட்களைத்தான் டவுனி என்கிறோம். உடை கண்டபடி இருந்தாலும், பேச்சுக் கொடுத்தால் எல்லாரும் ஒன்றுபோலவே தோன்றுவார்கள். இதைச் சரிசெய்ய மோட் (கேமை மாற்ற மற்றவர்கள் செய்து தரும் கூடுதல் ஃபைல்) எதுவும் தேவையில்லை. கீழே உள்ளது கம்ப்யூட்டரில் ஆடுபவர்களுக்கான வழி.

முதலில் 'சேவ் ஆஸ்' கொடுத்து கேமைப் புதிய பெயரில் சேமியுங்கள். நான் இதைச் செய்யாமல் தொடங்கி, ஒரு குடும்பத்தையே கெடுத்து வைத்திருக்கிறேன்.

அப்புறம், உங்கள் வீட்டு வாசலில் அடிக்கடி நடந்துபோகும் ஐந்தாறு பேரை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஊர் முழுக்க மாற்றக் கிளம்பினால் பத்தாவது ஆளிலேயே அலுத்துவிடும்.

இப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மேலே சீட் பெட்டி, அதாவது குறுக்குவழிக் கட்டளைகளைத் தட்டும் இடம், திறக்கும். அதில் 'டெஸ்டிங்சீட்ஸ் ட்ரூ' (testingcheats true) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். அடுத்து 'காஸ்.ஃபுல்எடிட்மோட்' (cas.fulleditmode). காஸ் என்பது ஆளை உருவாக்கி மாற்றும் திரை. இந்தக் கட்டளையில் இடைவெளி கிடையாது, நடுவில் ஒரு புள்ளி மட்டும். பிறகு ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு அந்த டவுனியைக் கிளிக் செய்து, 'மாடிஃபை இன் காஸ்' என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

எல்லாரும் நேராக உடைக்குத்தான் ஓடுவார்கள். வேண்டாம், ட்ரெய்ட்டில், அதாவது குணத்தில் தொடங்குங்கள். பெரியவர்களுக்கு மூன்று ட்ரெய்ட், டீன் வயதினருக்கு இரண்டு, சிறுவர்களுக்கு ஒன்று. மூன்றும் நல்ல குணமாக இருந்தால் ஆள் சப்பென்று ஆகிவிடுவார். ஒன்றாவது கொஞ்சம் இடிக்க வேண்டும். உதாரணத்துக்கு, எதிர்வீட்டுக்கு ஒரு பாட்டியை வைத்துக்கொள்வோம். குடும்பப்பாசம், சுத்தம், இவற்றோடு கிளெப்டோமேனியாக், அதாவது கை சும்மா இருக்காத திருட்டுக் குணம். பாசமாக வந்து உட்காருவார், போகும்போது உங்கள் விளக்கு ஒன்றும் கூடவே போகலாம். நேரெதிரான சில ட்ரெய்ட்டுகளைச் சேர்க்க கேம் விடாது. சுத்தக்காரரும் அழுக்குப்பேர்வழியும் ஒரே ஆளாக இருக்க முடியாது.

அடுத்து நடை. பலர் கண்டுகொள்ளாத இடம் இதுதான். பாட்டிக்கு அலட்டலான நடையைக் கொடுத்துப் பாருங்கள், தெருக்கோடியில் வரும்போதே யாரென்று தெரிந்துவிடும். குரலையும் ஒருமுறை கேட்டு ஏற்ற இறக்கத்தை மாற்றுங்கள். உடம்பு, மூக்கு, தாடையை உங்கள் இஷ்டத்துக்கு இழுத்துக்கொள்ளலாம். உடையைக் கடைசியாகப் பாருங்கள். அன்றாட உடை ஒன்றை ஒழுங்காக வைத்தாலே போதும்.

வயதையும் கவனியுங்கள். ஐந்தாறு பேரில் இருவராவது முதியவர்களாக இருந்தால் தெரு நிஜமாகத் தோன்றும்.

கடைசி வேலை, அவர்களைக் காலி வீடுகளில் குடிவைப்பது. மக்கள்தொகை வரம்பு தாண்டினால், நீங்கள் ஆடாத டவுனிகளை, அதிலும் வீடில்லாதவர்களை, கேம் சத்தமில்லாமல் நீக்கிவிடக்கூடும். 'நெய்பர்ஹுட் ஸ்டோரிஸ்' அமைப்பில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேலை மாறலாமா, குழந்தை பிறக்கலாமா என்று தனித்தனியாக முடிவு செய்யலாம். பாட்டி வீட்டில் ஊரைவிட்டுப் போவதற்கான அனுமதியை மட்டும் எடுத்துவிடுங்கள். விளக்கு கையோடு போய்விட்டால் யாரிடம் கேட்பது?