ஆசிரியர்களுக்கான வினாநிரலைச் சரிபார்ப்பது எப்படி?

கோபிசெட்டிபாளையம் பக்கம் கணக்கு ஆசிரியராக இருந்துகொண்டே பகுதிநேர ஆய்வு செய்கிறேன். ஸ்டெம் முறையை, அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் சேர்த்துச் சொல்லித்தருவதை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிய 32 கேள்விகள் எழுதினேன். அவற்றைச் சரிபார்த்த வழி இது.

முதலில் விஷயம் தெரிந்த ஆறு பேரிடம் கொடுங்கள். பேராசிரியர்கள் மட்டும் போதாது, பத்தாம் வகுப்பு எடுக்கிறவர் இருவராவது வேண்டும். ஒவ்வொரு கேள்வியும் ஆய்வுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 1 முதல் 4 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். 3 அல்லது 4 போட்டவர்களின் எண்ணிக்கையை ஆறால் வகுத்தால் கிடைப்பதுதான் அந்தக் கேள்வியின் உள்ளடக்க ஏற்புடைமை. 0.78க்குக் குறையக்கூடாது. ஐந்து பேர் ஒத்துக்கொண்டால் 0.83, கேள்வி நிற்கும். நாலு பேர்தான் என்றால் 0.67, திருத்துங்கள் அல்லது எடுத்துவிடுங்கள்.

அடுத்த வேலைதான் இதற்கு உயிர். நிறையப் பேர் இதைச் செய்யாமலே தாண்டிவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வருத்தம். ஐந்தாறு ஆசிரியர்களோடு தனித்தனியாக உட்கார்ந்து, கேள்வியைச் சத்தமாகப் படித்து மனதில் ஓடுவதையெல்லாம் பேசச் சொல்லுங்கள். அந்தியூர்ப் பக்கம் ஓர் அறிவியல் டீச்சர், "ஒருங்கிணைந்த கற்பித்தலில் ஈடுபடுகிறேன்" என்று படித்ததும் சட்டென்று 5இல் டிக் போட்டார். ஆசிரியர்களுக்கான படிவத்தில் 1 என்றால் ஒத்துக்கொள்ளவே இல்லை, 5 என்றால் முழுவதும் ஒத்துக்கொள்கிறேன்.

"எப்படிங்க டீச்சர்?"

"போன மாசங்கூட ட்ரெயினிங் போயிட்டு வந்தேனுங்களே."

அவர் நினைத்தது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி என்ற அரசுத் திட்டத்தை! ஆறு பேரும் 4 போட்ட கேள்வி அது. "கணக்கையும் அறிவியலையும் ஒரே வகுப்பில் சேர்த்து நடத்துகிறேன்" என்று மாற்றி, அவரிடமே மறுபடி காட்டினேன். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு 2இல் டிக் போட்டார்.

"லேப் வசதி இருக்கிறது, பயன்படுத்துகிறேன்" மாதிரி இரண்டு விஷயத்தை ஒன்றாகக் கட்டிய கேள்விகளும் இந்தப் பேச்சில்தான் பிடிபடும். லேப் இருக்கும், பீரியட் கிடைக்காது. அவர் எதற்கு டிக் போடுவார்?

அப்புறம் முன்னோட்டம். முப்பது நாற்பது ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்த்தால் போதும். எதிர்மறைக் கேள்விகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்ட (5ஐ 1ஆக, 4ஐ 2ஆக) பிறகே கிரான்பாக் ஆல்பாவை, அதாவது கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்ணை, கணக்கிடுங்கள், அதுவும் பகுதி பகுதியாக. 0.70 தாண்டினால் சரி. 0.95ஐத் தாண்டினால் ஒரே கேள்வியை வேறு வேறு வார்த்தையில் கேட்டிருக்கிறோமா என்று பாருங்கள். எந்தெந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு செய்வதாக இருந்தால் கேள்விக்குப் பத்துப் பேர் கிடைப்பது நல்லது. முன்னோட்டத்தில் பதில் சொன்னவர்களை அதில் சேர்க்க வேண்டாம்.

படிவத்தைத் தலைமை ஆசிரியர் மூலம் வாங்காதீர்கள், எல்லாம் 5ஆகவே வரும். ஒட்டிய உறையில் நேராக வாங்குங்கள். பொதுத்தேர்வும் பேப்பர் திருத்துவதும் நடக்கிற மார்ச், ஏப்ரலில் யாரிடமும் நீட்டாதீர்கள். ஜூலையில் போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள்.