கழற்றிய டிஸ்க்கும் திறந்திருக்கும் ஃபைலும்: டிரைவரில் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ பிழையைப் பிடிப்பது எப்படி?

சி மொழியும் கர்னல் கம்பைல் செய்வதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ என்றால் விடுவித்துவிட்ட நினைவகத்தை மறுபடியும் தொடுவது. நாம் பார்க்கப்போவது லினக்ஸின் விர்ட்டியோ பிளாக் டிரைவரில் (விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க்கை இயக்கும் டிரைவர்) நிஜமாகவே இருந்த பிழை. 2020-இல், 5.7 பதிப்பில் சரிசெய்தார்கள். ஒரு புரோகிராம் டிஸ்க்கைத் திறந்து வைத்திருக்கும்போதே அதைக் கழற்றினால், டிரைவர் தன் நினைவகத்தை விடுவித்துவிடும். புரோகிராமிடம் ஃபைல் டிஸ்கிரிப்டர் மட்டும் உயிரோடு இருக்கும். அதன் வழியே அடுத்த ஐஆக்டல் (சாதனத்திடம் நேரடியாக ஒன்றைக் கேட்கும் சிஸ்டம் கால்) வந்தால் செத்த பாயிண்டரைத் தொடும்.

படி 1: 5.6 கர்னலில் கேசான் (தவறான நினைவகத் தொடுதலைப் பிடிக்கும் கருவி), லாக்டெப் (பூட்டுகளின் வரிசையைச் சரிபார்க்கும் கருவி) இரண்டையும் இயக்கிக் கம்பைல் செய்யுங்கள். பிரிண்ட்கே போட்டுத் தேடுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அது ஓட்டத்தின் வேகத்தையே மாற்றிவிடுவதால் நேரத்தைச் சார்ந்த பிழைகள் ஒளிந்துகொள்ளும். கேசான் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், பரவாயில்லை.

படி 2: கியூஎமு என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருளில் இரண்டாவது டிஸ்க்குடன் பூட் செய்யுங்கள். அந்த டிஸ்க்கைத் திறந்து, என்டர் தட்டும்வரை காத்திருந்து, அப்புறம் டிஸ்க்கின் ஜியோமெட்ரியைக் கேட்கும் சின்ன புரோகிராம் ஒன்று போதும். அது காத்திருக்கும்போது கியூஎமு மானிட்டரில் டிஸ்க்கை நீக்குங்கள். பிறகு என்டர்.

படி 3: கேசான் அறிக்கையில் மூன்று அடுக்குகள் இருக்கும்: யார் தொட்டது, யார் ஒதுக்கியது, யார் விடுவித்தது. மூன்றாவதை முதலில் படியுங்கள். அதில் டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் தெரிந்தால் தடம் கிடைத்துவிட்டது.

படி 4: திருத்தம். பலரும் தடுமாறும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். ரெஃபரன்ஸ் கவுண்ட் (எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கை) மட்டும் சேர்த்தால் டிரைவரின் ஸ்ட்ரக்ட் பிழைத்துக்கொள்ளும். அது சுட்டும் ஹார்டுவேர் போய்விட்டதே! அதனால் ஒரு ம்யூடெக்ஸும், அதாவது ஒரு பூட்டும், தேவை. ரிமூவில் அதைப் பிடித்து, டிவைஸை ரீசெட் செய்து, பாயிண்டரை நல் ஆக்குங்கள். ஐஆக்டலில் அதே பூட்டைப் பிடித்து, பாயிண்டர் நல் என்றால் 'சாதனம் இல்லை' என்ற பிழையைத் திருப்புங்கள்.

வரிசையும் முக்கியம். பூட்டு அந்த ஸ்ட்ரக்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. முதலில் பூட்டைத் திறந்து, அதன் பிறகே கவுண்டைக் குறைக்க வேண்டும். மாற்றிச் செய்தால், விடுவித்த நினைவகத்தில் இருக்கும் பூட்டைத் திறக்கப் போவீர்கள்.

டிஸ்க்கைப் பதிவிலிருந்து நீக்கும் டெல்-ஜென்டிஸ்க் அழைப்பையும் பூட்டுக்கு வெளியே, முன்னதாகவே முடித்துவிடுங்கள். இப்போதைய கர்னலில் அது டிஸ்க்கின் ஓப்பன் பூட்டை எடுக்கும். டிஸ்க்கைத் திறக்கும் வழியிலோ கர்னல் அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டுதான் நம் டிரைவரின் ஓப்பனை அழைக்கிறது. அங்கே நாம் நம் பூட்டை எடுத்தால், இரண்டு வழிகளிலும் வரிசை தலைகீழாகி, ஒன்றுக்காக ஒன்று காத்துக்கிடக்கும் டெட்லாக். உண்மையில் மாட்டிக்கொள்வதற்கு முன்பே லாக்டெப் இதைச் சொல்லிவிடும்.

புதிய டிரைவர் எழுதுகிறீர்கள் என்றால் சொந்தக் கவுண்டர் வேண்டாம். 5.18 முதல் ஃப்ரீ-டிஸ்க் என்ற கால்பேக் இருக்கிறது. கடைசிப் பிடி விட்டதும் கர்னலே அதை அழைக்கும். ஸ்ட்ரக்ட்டை அங்கே விடுவியுங்கள். ம்யூடெக்ஸ் மட்டும் அப்போதும் வேண்டும்.

பின்சேர்க்கை: நீக்கும் கட்டளையை கியூஎமு ஏற்க மறுக்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். கியூஎமுவின் க்யூ35 என்ற மெஷின் வகையில் டிஸ்க்கை நேராக ரூட் பஸ்ஸில் மாட்டினால் அப்படித்தான் ஆகும். அங்கே ஹாட்பிளக் (ஓடும்போதே மாட்டிக் கழற்றும் வசதி) கிடையாது. ஒரு பிசிஐஇ ரூட் போர்ட் சேர்த்து அதன் கீழே மாட்டுங்கள். கட்டளை போட்ட பிறகும் டிஸ்க் நீங்கவில்லை என்றால், கெஸ்ட் கர்னலில் (கியூஎமுவுக்குள் ஓடும் கர்னலில்) பிசிஐஇ ஹாட்பிளக் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.