தொட்டிவரை வந்து திரும்பிய மாடுகள்

காங்கயம் அருகே புல்லும் வெள்வேல மரங்களும் அழியாமல் காத்துவரும் ஒரு கொறங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்), மேயும் மாடுகளை எண்ணி நலம் பார்க்கும் பொறுப்பைத் தன்னார்வமாக ஏற்றிருக்கிறேன். கோடையில் மாடுகள் தொட்டிவரை வந்து, தண்ணீரில் வாயை வைத்ததும் தலையை உதறிக்கொண்டு திரும்பின. பாசியைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம், பயனில்லை. தண்ணீர் உப்பேறிவிட்டதோ என்று பார்த்தோம், அதுவுமில்லை. கால்நடை மருத்துவர் வாயிலும் நாக்கிலும் புண் எதுவும் இல்லை என்றார்.

தொட்டிக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் நின்றபின் அதே மாடுகள் அதே தண்ணீரை வயிறு முட்டக் குடித்ததை நாங்கள் எவரும் பொருட்படுத்தவில்லை. வெயில் தாழ்ந்ததால் குடிக்கின்றன என்றே தோட்டத்துக்காரரும் சொன்னார். மோட்டார் ஓடும்போது, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தொட்டித் தண்ணீரிலும், மற்றொன்றை மாடு நிற்கும் ஈரத்தரையில் அடித்த இரும்புக் கம்பியிலும் மின்பணியாளர் வைத்தபோது 5 வோல்ட் காட்டியது. செருப்பணிந்து தண்ணீரில் கையை விடும் மனிதருக்கு இந்த மின்கசிவு தெரியாது. மாட்டின் உடல் மின்சாரத்துக்குத் தரும் தடை மனித உடலைவிடக் குறைவு, குளம்புகளோ ஈரத்தில் இருக்கின்றன. (வெறுங்கையால் சோதிக்க வேண்டாம்.)

ஆழ்துளைக் கிணற்றின் வாயில் கேபிள் இணைப்பின் டேப் நைந்து இரும்புக் குழாயில் உரசியிருந்தது. எர்த் கம்பியும் அரித்து அறுந்திருந்தது. இரண்டையும் புதுப்பித்து, தொட்டிக்கு வரும் குழாயின் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு பிவிசி துண்டையும் பொருத்தியபின் மீட்டர் சுழியம் காட்டியது. மாடுகள் உடனே நம்பிவிடவில்லை; முதலில் ஒரு கிடாரிதான் குடித்தது.