முதல் வேலைக்கான ரெஸ்யூமே: புதிய பட்டதாரிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பல்கலைக்கழகப் படிப்பை முடித்து முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளோடு அமர்ந்து அவர்களின் ரெஸ்யூமேக்களைத் திருத்திக் கொடுக்கும் வழக்கம், பினாங்கில் எனக்குச் சில ஆண்டுகளாக உண்டு. அவற்றில் நான் திரும்பத் திரும்பக் காணும் குறை ஒன்றே. “கடின உழைப்பாளி, குழுவோடு இணங்கிச் செயல்படுபவர், விரைவில் கற்றுக்கொள்பவர்” என்ற சொற்கள் முதல் பத்தியிலேயே இருக்கும். அச்சொற்களுக்குச் சான்றாக அந்தப் பிள்ளை உண்மையிலேயே செய்த வேலைகள் தாளில் எங்கும் இரா. வேலை கொடுப்பவர் தேடுவதோ அந்தச் சான்றைத்தான். அதைத் திரட்டி ஒரே பக்கத்தில் எழுதி முடிக்கும் முறையைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன். ரெஸ்யூமே ஆங்கிலத்திலோ மலாயிலோ அமையும் என்றாலும், தெளிவுக்காக எடுத்துக்காட்டு வரிகளைத் தமிழிலேயே தருகிறேன்.

படி 1: வேலை விளம்பரத்தை முதலில் படியுங்கள்

ஜாப்ஸ்ட்ரீட்டிலோ, மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்திலோ, நிறுவனத்தின் சொந்த இணையப் பக்கத்திலோ உங்களுக்கு உண்மையாகவே பிடித்த ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அந்த விளம்பரத்தைத் தாளில் அச்சிட்டு, அவர்கள் கேட்கும் திறன்களையும் அன்றாடப் பணிகளையும் அடிக்கோடிடுங்கள். எல்லா வேலைக்கும் ஒரே ரெஸ்யூமேயை அனுப்புவது ஏன் பயன் தராது என்பது அப்போதே விளங்கும். 1972ஆம் ஆண்டு முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகி வந்துள்ள பினாங்கின் பாயான் லெப்பாஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிராசஸ் இன்ஜினியர் வேலைக்கான விளம்பரம் உற்பத்தியில் கழிவைக் குறைப்பதையும் புள்ளிவிவர முறையில் தரத்தைக் கண்காணிப்பதையும் பேசும். டெஸ்ட் இன்ஜினியர் வேலைக்கான விளம்பரம் பைத்தான் போன்ற நிரல்மொழியையும் ஆசிலஸ்கோப் போன்ற அளவைக் கருவிகளைக் கையாளும் பழக்கத்தையும் கேட்கும். ஒரே மின்னணுப் பொறியியல் பட்டம் இரண்டுக்கும் பொருந்தும் என்றாலும், உங்கள் இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தின் எந்தப் பகுதியை முன்னே வைப்பது என்பது விளம்பரத்துக்கு விளம்பரம் மாறும்.

படி 2: செய்தவற்றையெல்லாம் எழுதித் திரட்டுங்கள்

கணினியைத் திறப்பதற்கு முன், ஒரு நோட்டுப் புத்தகத்தில் கடந்த நான்கைந்து ஆண்டுகளில் நீங்கள் பொறுப்பேற்றுச் செய்த அனைத்தையும், தகுதியானதா இல்லையா என்று எடைபோடாமல் எழுதுங்கள். இந்தப் படிக்கு ஒரு முழு மாலை வேண்டும், அவசரப்பட வேண்டாம்.

பெரும்பாலான பிள்ளைகள் தொழிற்பயிற்சியையும் இறுதியாண்டு ஆய்வுத்திட்டத்தையும் எழுதிவிட்டு, “வேறு ஒன்றும் இல்லை” என்று நிறுத்திவிடுகிறார்கள். பிறை நகரிலிருந்து வந்த மாணவி ஒருவரும் அப்படித்தான் சொன்னார். பேச்சு வளர்ந்தபோதுதான், தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையில் தம் குடியிருப்பு இளைஞர்கள் அமைத்த தண்ணீர்ப் பந்தலின் வரவுசெலவை மூன்று ஆண்டுகளாகத் தாமே பார்த்துக்கொண்டதும், நன்கொடைக்கு ரசீது கொடுத்ததும், பொருள் வாங்கும் கடைகளோடு விலை பேசியதும், இரவு பகலாகத் தொண்டர்களுக்கு முறை வகுத்துக் கொடுத்ததும் தெரியவந்தன. கணக்கியல் பட்டதாரி ஒருவருக்கு இதைவிட நல்ல சான்று வேறு என்ன வேண்டும்? அவர் அதைக் கோயில் காரியம் என்று எண்ணினாரே ஒழிய, அனுபவம் என்று எண்ணவே இல்லை.

அப்பாவின் மளிகைக் கடையில் விடுமுறைகளில் சரக்கு இருப்பைச் சரிபார்த்தது, பள்ளியிறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதும் மாணவர்களுக்குக் கூடுதல் கணிதம் சொல்லிக் கொடுத்தது, படிக்கும்போதே உணவு விநியோக வேலை செய்து சொந்தச் செலவைச் சமாளித்தது, பல்கலைக்கழக இந்திய மாணவர் கழகத்தின் கலை இரவுக்கு ஆதரவாளர்களைத் தேடியது என எல்லாவற்றையும் எழுதுங்கள். குடும்பச் சூழலால் வேலை செய்துகொண்டே படித்தவர்கள் அதை மறைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சம்பளத்துக்காக நேரம் தவறாமல் உழைத்த ஒருவரைப் பணியில் அமர்த்துவதற்கு எந்த மேலாளரும் தயங்கமாட்டார்.

சிலருக்கு இதில் கூச்சம் உண்டு. தன்னைத் தானே புகழ்வது தவறு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் நம் ஆற்றலை அறியாதவரிடத்தில் அதை எடுத்துச் சொல்வது தகும் என்று நம் பழைய இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. உங்களை ஒருபோதும் பார்த்திராத மனிதவள அதிகாரி அத்தகையவர்தான்.

படி 3: ஒவ்வொன்றையும் ஒரு வரியாக மாற்றுங்கள்

ஒவ்வொரு வரியும் ஒரு வினையை உணர்த்தி, எவ்வளவு என்பதைச் சொல்லி, அதனால் என்ன விளைந்தது என்பதோடு முடிய வேண்டும். கோலாலம்பூரில் தணிக்கை நிறுவனம் ஒன்றில் தொழிற்பயிற்சி முடித்தவர் பொதுவாக இப்படி எழுதுவார்: “தணிக்கைப் பணிகளில் மூத்தவர்களுக்கு உதவினேன்.” இதிலிருந்து படிப்பவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. அதையே இப்படி எழுதலாம்: “நான்கு வாடிக்கையாளர்களின் வங்கிக் கணக்குச் சரிக்கட்டல்களைத் தயாரித்தேன்; 120 விலைப்பட்டியல்களைப் பதிவுகளோடு ஒப்பிட்டு, ஏழு முரண்பாடுகளைக் கண்டறிந்து மூத்த தணிக்கையாளரிடம் அறிக்கை அளித்தேன்.”

எண்கள் உண்மையானவையாக இருக்க வேண்டும். நினைவில் இல்லையென்றால் பழைய குறிப்பேட்டையோ பயிற்சி நாளேட்டையோ புரட்டிப் பாருங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் எண் இல்லாமலேயே, செய்த வேலையைத் துல்லியமாக எழுதுங்கள். நேர்முகத் தேர்வில், “அந்த ஏழு முரண்பாடுகளில் ஒன்றை விளக்குங்கள்” என்று கேட்டால் தடுமாறாமல் விடை சொல்ல முடிகிற வரி மட்டுமே தாளில் நிற்கலாம். குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கை மட்டும் எழுதுங்கள்.

படி 4: தலைப்பகுதி

பெயர், கைப்பேசி எண், நாகரிகமான மின்னஞ்சல் முகவரி, வசிக்கும் நகரம் ஆகிய நான்கும் போதும். தந்தை பெயருக்கு முன் வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) ஆகியவற்றை எழுதுவதா விடுவதா என்று பலரும் கேட்கிறார்கள். சான்றிதழில் உள்ள பெயரை ரெஸ்யூமேயிலும் மின்னஞ்சலிலும் விண்ணப்பப் படிவத்திலும் ஒரே மாதிரி எழுதினால் குழப்பம் வராது.

அடையாள அட்டை எண்ணைச் சேர்க்காதீர்கள். அந்தப் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதியையும், அடுத்த இரண்டு பிறந்த இடத்தையும், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பது ஆணா பெண்ணா என்பதையும் காட்டிவிடும். யார் யார் கைக்குப் போகும் என்று தெரியாத ஒரு தாளில் இவ்வளவையும் கொடுக்கத் தேவையில்லை. பணி நியமனத்தின்போது நிறுவனமே கேட்டுப் பெற்றுக்கொள்ளும். மதம், திருமண நிலை, பெற்றோரின் தொழில் ஆகியவையும் வேண்டாம். விளம்பரம் கேட்டாலன்றிப் புகைப்படமும் வேண்டாம்.

படி 5: கல்வியும் மொழிகளும்

பட்டத்தின் பெயர், பல்கலைக்கழகம், முடித்த மாதமும் ஆண்டும், 4.00க்கு எத்தனை என்று குறிப்பிட்ட சிஜிபிஏ (ஒட்டுமொத்தச் சராசரிப் புள்ளி) ஆகியவற்றை எழுதுங்கள். விளம்பரம் குறைந்தபட்சப் புள்ளி ஒன்றைக் கேட்டிருந்தால் அதை மறைக்க முடியாது. கேட்காதபோது, புள்ளி குறைவாக இருந்தால், வேலைக்கு நேரடித் தொடர்புள்ள பாடங்களில் பெற்ற நல்ல தேர்ச்சியை முன்னே காட்டலாம். எஸ்பிஎம், எஸ்டிபிஎம் ஆகிய பள்ளித் தேர்வு முடிவுகளுக்கு ஒரு வரியே போதும்.

மொழிகளில் தமிழை விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வங்கி, காப்பீடு, மருத்துவமனை, வாடிக்கையாளர் சேவை ஆகிய துறைகளில் அது பயன்படும் திறன். சென்னையில் கிளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் அப்படியே. “தமிழ், மலாய், ஆங்கிலம்: பேசவும் எழுதவும் தெரியும்” என்று எழுதி, மூயெட் ஆங்கிலத் தேர்வில் பெற்ற நிலையையும் உடன் குறிப்பிடுங்கள்.

படி 6: வடிவமும் சோதனையும்

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் உங்கள் ரெஸ்யூமேயை முதலில் படிப்பது ஒரு மென்பொருள். கான்வா என்னும் வடிவமைப்புத் தளத்தில் கிடைக்கும் வண்ண வடிவங்கள் கண்ணுக்கு அழகாக இருந்தாலும், இரண்டு நெடுவரிசைகள், பெட்டிகள், திறனை நட்சத்திரங்களால் காட்டும் படங்கள் ஆகியவற்றை அம்மென்பொருள் முறை மாற்றிப் படிக்கலாம் அல்லது படிக்காமலே விடலாம். ஏ4 தாளில், ஒரே நெடுவரிசையாக, 11 புள்ளி அளவுள்ள எளிய எழுத்துருவில் அமைத்து பிடிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். பிறகு அந்தக் கோப்பிலுள்ள எழுத்துகளை எல்லாம் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்; அங்கே வரிகள் ஒழுங்காக வந்தால் மென்பொருளும் பெரும்பாலும் ஒழுங்காகப் படிக்கும். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் விண்ணப்பிக்கும் பதவியும் இருக்கட்டும்.

அச்சிட்டு, உரக்க வாசித்துப் பிழை திருத்துங்கள். திரையில் தப்பிய பிழை வாயில் இடறும். பரிந்துரையாளர்களாக விரிவுரையாளர் ஒருவரையும் தொழிற்பயிற்சி மேற்பார்வையாளர் ஒருவரையும் குறிப்பிடுவதாக இருந்தால், முன்கூட்டியே அவர்களின் அனுமதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: அனுப்பிய பின்

அனுப்பிய ரெஸ்யூமேயோடு அந்த வேலை விளம்பரத்தின் நகலையும் ஒரே கோப்புறையில் சேமித்து வையுங்கள். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வருவதற்குள் விளம்பரம் தளத்திலிருந்து நீக்கப்பட்டிருக்கலாம். நீங்கள் அடிக்கோடிட்ட அந்தத் தாளிலிருந்துதான் கேள்விகள் பெரும்பாலும் பிறக்கும்.