துக்க வருஷத்துத் தீபாவளி: உங்கள் நாயோடு அந்த நாளைக் கடப்பது எப்படி

வீட்டில் ஒருவர் இறந்த வருஷம் நமக்குப் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது, புதுத்துணி இல்லை, அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்த பலகாரம் மட்டும் மேசைமேல் இருக்கும். தெருவே வெடித்துக்கொண்டிருக்க நம் வீடு மட்டும் சத்தமில்லாமல் கிடப்பதைத்தான் தாங்க முடியாது. அம்மா இறந்த வருஷம் தாம்பரத்தில் எனக்கு அப்படி ஒரு தீபாவளி வந்தது. அன்றைக்கு என்னைக் கட்டிலை விட்டு எழுப்பியது எங்கள் நாட்டு நாய் ஜிம்மிதான். இந்த வருஷம் நீங்களும் அந்த நிலையில் இருந்து, வீட்டில் ஒரு நாயும் இருந்தால், எனக்கு உதவியதைச் சொல்கிறேன்.

துக்கத்தில் இருக்கும்போது சின்ன முடிவு எடுக்கக்கூடத் தெம்பு இருக்காது. எப்போது எழுவது, சாப்பிடுவதா வேண்டாமா, எல்லாமே மலை மாதிரி தெரியும். அதனால் அன்றைக்கு நாயின் நேரத்தையே உங்கள் நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சோறு வைக்கும்போது நீங்களும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே தரையில் உட்காருங்கள், இரண்டு இட்லி போதும், ஆனால் அது சாப்பிட்டு முடிப்பதற்குள் நீங்களும் சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

நடைக்கும் போக வேண்டும், அதை விடாதீர்கள். தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7 வரை, மாலை 7 முதல் 8 வரை என்று அரசு சொன்னாலும், எண்ணெய்க் குளியல் முடித்த வீடுகளில் விடியும் முன்பே முதல் சரம் கேட்டுவிடும். ஆகவே காலையில் மொட்டை மாடியோ வீட்டுப் பின்பக்கமோ போதும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தெரு கொஞ்சம் அடங்கும், அப்போது கூட்டிப் போங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும், கயிறு கையில் நன்றாகச் சுற்றியிருக்கட்டும், ஒரு வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடிய நாயை அந்த இரவில் தேடுவது பெரிய கொடுமை.

அப்புறம், தடவிக் கொடுப்பது. போனைத் தூர வைத்துவிட்டுப் பத்து நிமிஷம், காதுக்குப் பின்னாலும் நெஞ்சிலும் மெதுவாக. அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களை வைத்துச் செய்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், நாய் பூனைகளை வெறும் பத்து நிமிஷம் கொஞ்சியவர்களின் எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. எனக்கு அதைவிட உதவியது பேச்சு. அம்மா முறுக்குப் பிழிந்த கதையை எல்லாம் ஜிம்மியிடம் வாய்விட்டுச் சொன்னேன், சொல்லும்போதே அழுகை வந்தது, மனிதர்கள் முன்னால் அதுவரை வராத அழுகை.

விசாரிக்க வருகிற உறவினர்கள் பேச்சு தாங்காமல் போனால், "நாயைக் கொஞ்சம் மாடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்" என்று எழுந்துவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த பலகாரத்தை மட்டும் அதற்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுங்கள், கேசரியிலும் லட்டிலும் இருக்கிற உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லேட்டும் ஆகாது.

மாலைதான் கடினம், உங்களுக்கும் அதற்கும். ஆறு மணிக்கே உள்ளறைக்குப் போய் ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் ஓடவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் ஒளிந்தால் இழுக்காதீர்கள், நீங்களும் தரையில் படுத்துக் கையை மட்டும் நீட்டுங்கள். பயந்த நாயைத் தடவினால் பயம் கூடும் என்பார்கள், அது உண்மையில்லை. அன்றைக்கு எனக்கு நெஞ்சை அடைத்தது, ஆனால் ஜிம்மி நடுங்கியதைப் பார்த்ததும் அவனுக்காக என் மூச்சை நிதானமாக்கினேன், கொஞ்ச நேரத்தில் எனக்கும் அடைப்பு விட்டது. மிகவும் பயப்படும் நாய் என்றால் ஒரு வாரம் முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டு மருந்து வாங்குங்கள், நம் தூக்க மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

பூனை என்றால் அதுவாக மடிக்கு வரட்டும், பக்கத்தில் ஒரு துணியை விரித்துவிட்டுக் காத்திருங்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாவிட்டாலோ, செத்துப்போய்விடலாம் என்ற எண்ணம் வந்தாலோ நாயை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உடனே ஆபத்து என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மறுநாள் காலை தெருவெல்லாம் பட்டாசுக் காகிதமும் கம்பி மத்தாப்புக் கம்பியும் கிடக்கும். நாய் எதையும் வாயில் கவ்வாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் நாலு பாதங்களையும் ஈரத்துணியால் துடைத்து, கம்பி குத்தியிருக்கிறதா என்று விரல் இடுக்கு வரை பாருங்கள்.