அடுத்த கட்டிலுக்குப் போவதற்கு முன்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் 19 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். ஒரு குழந்தை இறந்தால், புதிதாக வேலைக்கு வந்தவர்கள் "அழலாமா சிஸ்டர்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அழலாம். பெற்றோர் நம்மைத் தேற்றும் அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மூச்சு நின்றதும் ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்துவிடாதீர்கள். மானிட்டரை அணைத்துவிட்டு, பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு, கட்டிலைச் சுற்றி ஒரு நிமிடம் மௌனமாக நில்லுங்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜொனாதன் பார்ட்டல்ஸ் என்ற செவிலியர் தொடங்கிய பழக்கம் இது. கட்டில் எண்ணைச் சொல்லாமல் குழந்தையின் பெயரைச் சொல்லுங்கள்.

அடுத்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று: "கடைசி மார்ஃபினைப் போட்டது நான்தானே?" மார்ஃபின் கடும் வலிக்குப் போடும் மருந்து; அதுதான் மூச்சை நிறுத்தியதோ என்ற பயத்தை மாதக்கணக்கில் சுமந்திருக்கிறேன். மூச்சு வேகமெடுப்பதும், பிறகு நீண்ட இடைவெளி விடுவதும் பெரும்பாலும் இறப்பின் போக்கிலேயே வருபவை. எடைக்கேற்பக் கணக்கிட்டு, வலியைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டிய மருந்து உயிரைப் பறிப்பதில்லை. ஆனால் இதைப் பொதுவாகத் தெரிந்து வைத்திருந்து பயனில்லை. அன்றைய பணிநேரம் முடிவதற்குள் மருத்துவரை உட்காரவைத்து, அந்தக் குழந்தையின் மருந்துப் பதிவேட்டை வரிவரியாகப் பாருங்கள். நான் அப்படிக் கேட்கத் துணிவதற்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

அன்றைக்கே எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசச் சொல்வது எனக்குப் பிடிக்காது. அப்படிக் கட்டாயமாக ஒரே முறை பேசவைப்பது மனப் பாதிப்பைத் தடுப்பதாக ஆய்வுகளும் காட்டவில்லை. சில நாள் கழித்து, விரும்புகிறவர்கள் மட்டும் கூடட்டும். துப்புரவுப் பணியாளரையும் கூப்பிடுங்கள். அந்தக் குழந்தையோடு அதிகம் விளையாடியது பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும்.

வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். மனம் மரத்து எதுவுமே தோன்றாமல் போனால் இன்னும் சீக்கிரம் பாருங்கள்.

இனி, பக்கத்துக் கட்டில். ஒரு சிறுமி இறந்தபோது, பக்கத்துக் கட்டில் சிறுவனிடம், "அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அவனை வீட்டுக்கு அனுப்பும் நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "நானும் அவளை மாதிரியா வீட்டுக்குப் போகிறேன்?" அன்றிலிருந்து, அவரவர் பெற்றோரிடம் பேசி வைத்துக்கொண்டு, "இறந்துவிட்டாள்" என்றே சொல்கிறேன். சொன்னதும் எழுந்துவிடாமல் கட்டில் ஓரத்தில் உட்காருகிறேன். கேள்வி வந்தால் பதில் சொல்கிறேன், வராவிட்டாலும் சற்று நேரம் இருக்கிறேன். ஊசி அதற்குப் பிறகுதான்; ஐந்து நிமிடம் தாமதமாகும்.