ஜெனரேட்டரில் எவ்வளவு கரண்ட் ஓடும்? கையால் சுற்றிப் பார்த்துவிடலாம்

5 கேவிஏ (அதாவது 5000 வோல்ட்-ஆம்பியர்) ஜெனரேட்டரில் ஒரே ஒரு 100 வாட் குண்டு பல்பை மாட்டினால் பல்பு வெடித்துவிடாதா என்று சிலர் பயப்படுவார்கள். வெடிக்காது. அந்த ஜெனரேட்டரால் 230 வோல்ட்டில் 21 ஆம்பியருக்கு மேல் தர முடியும்தான், ஆனால் பல்பு எடுத்துக்கொள்வது 0.43 ஆம்பியர். ஜெனரேட்டரின் வேலை வோல்டேஜை உண்டாக்குவது. கரண்ட் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் நாம் மாட்டும் லோடு முடிவு செய்கிறது.

சரி, செய்து பார்ப்போம். பொம்மை ரோபோ வண்டிகளில் வரும் கியர் மோட்டார் ஒன்று சக்கரத்தோடு, ஒரு டார்ச் பல்பு, மல்டிமீட்டர், இரண்டு வயர் போதும். டிசி மோட்டாரைக் கையால் சுற்றினால் அதுவே ஜெனரேட்டர்.

படி 1: மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து மோட்டாரின் இரண்டு முனைகளில் தொட்டுக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுங்கள். வேகம் இரட்டித்தால் வோல்டேஜும் ஏறக்குறைய இரட்டிக்கும். 1831இல் ஃபாரடே கண்டுபிடித்தது இதைத்தான். காந்தத்தின் வலுவுக்கும் சுருளில் எத்தனை சுற்று என்பதற்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் அவை மோட்டார் செய்யும்போதே முடிவாகிவிட்டவை, நம் கையில் இருப்பது வேகம் மட்டும். இப்போது வோல்டேஜ் இருக்கிறது, கரண்ட் கிட்டத்தட்ட பூஜ்யம்.

படி 2: மீட்டரை எடுத்துவிட்டு பல்பை மாட்டி அதே வேகத்தில் சுற்றுங்கள். கையில் ஒரு இழுப்பு தெரியும்.

படி 3: பல்பையும் கழற்றிவிட்டு இரண்டு வயர்களையும் நேராக ஒன்றோடொன்று தொடவையுங்கள். சக்கரம் சேற்றில் மாட்டியதுபோல் கனக்கும், வயரைப் பிரித்த நொடியே லேசாகிவிடும். எனக்கு இந்தப் படிதான் பிடிக்கும், ஏனென்றால் கரண்டை விரலால் உணர்கிறோம். சுருளில் கரண்ட் ஓடும்போது அது தன்னைச் சுற்றுபவனையே எதிர்க்கும், இதுதான் லென்ஸ் விதி. பெரிய ஜெனரேட்டரில் ஏதாவது கனமான லோடைப் போட்டதும் இன்ஜின் சத்தம் ஒரு கணம் அமுங்குவதும் இதனால்தான்.

கணக்கு சின்னதுதான். உள்ளே 12 வோல்ட் உண்டாகிறது, சுருளின் மின்தடை 1 ஓம், லோடு 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6 ஓம், ஆக 2 ஆம்பியர். அதில் 2 வோல்ட் சுருளிலேயே போய்விடுவதால் வெளியே கிடைப்பது 10 வோல்ட். ஷார்ட் செய்தால் மிச்சமிருப்பது சுருளின் 1 ஓம் மட்டும், 12 ஆம்பியர், 144 வாட் சூடு முழுக்க சுருளுக்குள்! அதனால் படி 3 கையால் சுற்றும் மோட்டாருக்கு மட்டுமே, நிஜ ஜெனரேட்டரில் கூடவே கூடாது. ஏசி ஜெனரேட்டர் என்றால் மின்தடையோடு சுருளின் மின்மறுப்பும் (மாறிக்கொண்டே இருக்கும் கரண்டைச் சுருள் எதிர்ப்பது) சேரும், அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

கரண்டை அளக்க மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பல்போடு தொடராக இணையுங்கள். முடிந்ததும் மறக்காமல் பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள். நான் மாற்றாமல் அப்படியே பேட்டரியில் வைத்து ஃபியூஸைக் காலி செய்தவன்.